பாரிஸ் சித்தப்பாவும் ஒரு போனோ பிரியாம்பும்

"எந்த இயர்போன் வாங்கலாம்?", "எந்த மொபைல்ல கேமரா சூப்பர்?" ரகக் கேள்விகளுக்கு நடுவுல, இந்த வாரம் போலகத்திலேர்ந்து ஒரு வித்தியாசமான கேள்வி வந்து விழுந்திருக்கு. போலகம் தெரியாதவங்களுக்கு... காரைக்கால்லேர்ந்து நாகூர் போற வழியில, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டின ஊர். அதுக்கு அப்புறம் வாஞ்சூர். வாஞ்சூர்ல பஸ்ஸை விட்டு இறங்குறவங்க எதுக்கு இறங்குறாங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தாண்டினா நாகூர்.

கேள்வி கேட்டவர் இ.சி.இ. மூணாம் வருஷம். அவரோட தாத்தா ஒரு காலத்துல மைக் செட் கடை வெச்சிருந்தவர். கல்யாணம், காதுகுத்து, காரைக்கால் மாங்கனித் திருவிழா, நாகூர் கந்தூரின்னு எல்லாத்துக்கும் குழாய் கட்டினவர். பரண்ல ரெண்டு டிரங்க் பெட்டி நிறைய ரெக்கார்டு. நாகூர் ஹனிபா இ.பி.க்கள், நாதஸ்வரம், இளையராஜா எல்.பி.க்கள், அடியில கொஞ்சம் 78. பாரிஸ்ல இருக்குற சித்தப்பா ஏற்கெனவே டர்ன்டேபிள் அனுப்பிட்டார். (காரைக்கால்ல வீட்டுக்கு ஒரு பிரான்ஸ் சொந்தக்காரர் இருக்குறது ரேஷன் கார்டு மாதிரி!) "அடுத்து போனோ பிரியாம்ப். காசைப் பத்திக் கவலைப்படாதே, பெஸ்ட் எதுன்னு சொல்லு"ன்னுட்டாராம். நம்ம ஆள் ஹை-எண்ட் பிரியாம்ப் ஒப்பீடுகளா படிச்சுத் தள்ளி, தலை சுத்திப் போய் எழுதியிருக்கார். "ஒருத்தர் வெல்வெட் மாதிரி இருக்குங்கிறார். அதே பெட்டியை இன்னொருத்தர் மந்தம்ங்கிறார். யாரு சார் புளுகுறது?"

ரெண்டு பேருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம் பாஸ். எப்படின்னு புரியணும்னா, அந்தப் பெட்டி என்ன வேலை பார்க்குதுன்னு முதல்ல பார்த்துடுவோம்.

ரெக்கார்டுல பாட்டை அப்படியே செதுக்க முடியாது. பேஸ் சத்தத்தை உள்ளபடி வெட்டினா பள்ளம் அகலமா வளைஞ்சு பக்கத்துப் பள்ளத்துல இடிச்சிடும். ஒரு பக்கத்துல நாலு பாட்டு அடங்காது. மேல் ஸ்தாயியை உள்ளபடி வெட்டினா ஊசி உரசுற இரைச்சல்ல அது அமுங்கிடும். அதனால வெட்டும்போதே பேஸைக் குறைச்சு, ட்ரெபிளை ஏத்தி வெட்டுறாங்க. போனோ பிரியாம்ப் அதை அப்படியே தலைகீழாத் திருப்பணும். 20 ஹெர்ட்ஸுக்கும் 20 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கும் நடுவுல இது பண்ற வித்தியாசம் சுமார் 39 டெசிபல். மின்னழுத்தக் கணக்குல ஏறக்குறைய 90 மடங்கு. "நம்ம காதுக்கு எட்டாத விஷயம்"னு நினைக்காதீங்க. தினம் கேட்கறீங்களே காரைக்கால் பண்பலை 100.3, அதுலயும் இதே குடும்பத்து வித்தைதான். ஸ்டேஷன்ல ட்ரெபிளை ஏத்தி அனுப்புறாங்க, உங்க ரேடியோ அதை இறக்கிக்குது. கூடவே வர்ற இரைச்சலும் சேர்ந்து இறங்கிடுது. பேஸுக்கும் சேர்த்து இதைப் பண்றதுதான் ரெக்கார்டு.

எவ்வளவு ஏத்தணும், எவ்வளவு இறக்கணும்ங்கிறதுல முன்னாடி ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு கணக்கு வெச்சிருந்துச்சு. கொலம்பியாவுக்கு ஒண்ணு, டெக்காவுக்கு ஒண்ணு. 1954-ல அமெரிக்க ரெக்கார்டு கம்பெனிகளோட சங்கம் ஆர்.ஐ.ஏ.ஏ. ஒரு பொது வளைகோட்டை அறிவிச்சுது. போகப் போக உலகமே அதுக்கு வந்துடுச்சு. (அதே 1954-ல நவம்பர் 1-ம் தேதிதான் காரைக்கால் பிரெஞ்சுக்காரங்க கையிலேர்ந்து இந்தியா கைக்கு வந்துச்சு. எல்லையும் சட்டமும் மாறுறது உங்க ஊருக்குப் புதுசில்லையே!)

ரெண்டாவது வேலை, பெருக்கறது. எம்.எம். ரக கார்ட்ரிட்ஜ், அதாவது காந்தம் ஆடுற ரகம், சுமார் 5 மில்லிவோல்ட் தரும். அதை 100 மடங்கு, அதாவது 40 டெசிபல் பெருக்கினா அரை வோல்ட், ஆம்ப்ளிபயருக்குப் போதும். எம்.சி. ரகத்துல காந்தம் நிக்கும், கம்பிச் சுருள் ஆடும். அது தர்றது 0.2, 0.3, மிஞ்சிப் போனா 0.5 மில்லிவோல்ட். அதை 1,000 மடங்கு பெருக்கணும். பாட்டு மட்டுமா பெருகும்? பக்கத்து மொபைல் சார்ஜர், ட்யூப்லைட் சோக், கரன்ட் கம்பியோட 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' எல்லாமே 1,000 மடங்கு. ஹை-எண்ட் கம்பெனிக்காரங்க லட்சக்கணக்குல காசைக் கொட்டுறது பெரும்பாலும் இந்த இடத்துலதான். பாட்டுக்காக இல்லை, நிசப்தத்துக்காக!

அந்த நிசப்தத்துக்கு ஒவ்வொருத்தரும் போற ரூட்டே தனி. அமெரிக்காவின் சதர்லேண்ட் 'பி.எச்.டி.'ன்னு ஒண்ணு போட்டாங்க. உள்ளே 16 டார்ச் லைட் பேட்டரி. ஆமாம், கடையில விக்கிற அதே பெரிய சைஸ் பேட்டரி! சுவர் கரன்ட்டே வேண்டாம்னா ஹம் எங்கேர்ந்து வரும்? இந்த மாதிரி முரட்டு லாஜிக் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாராசவுண்டோட 'ஜே.சி. 3' ஜான் கர்ல்ங்கிற பழுத்த டிசைனரோட கைவண்ணம். இடது சானலையும் வலது சானலையும் தனித்தனி உலோக அறையில பூட்டி, பவர் சப்ளைகிட்டேர்ந்து தள்ளி வெச்சிருப்பார். மாப்பிள்ளை வீடு, பொண்ணு வீடு மாதிரி, கலக்கவே கூடாது. அதுக்கு அடுத்து வந்த 'ஜே.சி. 3 பிளஸ்'ல எம்.சி.க்கான லோடை 50 ஓம்லேர்ந்து 550 ஓம் வரைக்கும் குமிழைத் திருகியே மாத்தலாம். இங்கிலாந்துல டிம் டி பாராவிச்சினின்னு ஒரு மனுஷன் இருந்தார், 2020-ல காலமானார். அவரோட 'இ.ஏ.ஆர். 834பி' பழைய பாணி வால்வு ரகம். உள்ளே மூணு வால்வு. கொஞ்சம் கனமான, கதகதப்பான சத்தம்னு பேர் வாங்கின பெட்டி. 'வெல்வெட்', 'மந்தம்' ரெண்டு பட்டமும் ஒரே ஆளுக்குக் கிடைக்கும்னா இந்த மாதிரி ஆளுக்குத்தான் கிடைக்கும்.

இன்னும் மேல போகணுமா? போல்டர் 2008. பவர் சப்ளையே தனிப் பெட்டி. 2000-களில் விலை 30 ஆயிரம் டாலர் பக்கம். சுவிட்சர்லாந்தோட சி.எச். பிரிசிஷன் 'பி1' கார்ட்ரிட்ஜோட வோல்டேஜை விட்டுட்டு, கரன்ட்டைப் பிடிச்சுப் பெருக்குற ரகம். எம்.சி. சுருளோட மின்தடை குறைவாச்சே, அதனால அது தர்ற கரன்ட் தாராளம். அதைப் பிடிச்சா இரைச்சல் கம்மி. இ.சி.இ. படிக்கிறவங்களுக்கு இது சட்டுனு புரிஞ்சிருக்கும். போட்டோ டயோடுக்குப் போடுற சர்க்யூட்டோட அண்ணன்.

சரி, புளுகுறது யாருன்னு கேட்டீங்களே. எம்.எம். கார்ட்ரிட்ஜுக்குள்ள இருக்குறது ஒரு சுருள், அதாவது இன்டக்டர். கேபிள், பிரியாம்ப் ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் கபாசிட்டன்ஸ் இருக்கு. ரெண்டும் சேர்ந்தா ரெசனன்ஸ். முதல் வருஷத்துல அரியர் வெச்ச அதே பாடம்தான். 500 மில்லிஹென்ரி சுருளோட 250 பிகோபாரட் சேர்ந்தா 14 ஆயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு எழும்பும். கேபிளை ஒரு மீட்டர் நீட்டினா இன்னொரு 100 பிகோபாரட் ஏறும், மேடு 12 ஆயிரத்துக்கு இறங்கி வந்துடும். பிரியாம்பைத் தொடவே இல்லை, ஆனா தாளத்தோட 'ஜிங்' மாறிப் போச்சு! விமர்சகர் 'அ' ஒரு கார்ட்ரிட்ஜ், ஒரு கேபிள். விமர்சகர் 'ஆ' வேற. ரெண்டு பேரும் குறை சொல்றது பெட்டியை. கேட்டது மொத்தக் கூட்டணியை.

இன்னொரு குசும்பும் இருக்கு. ரெண்டு பிரியாம்ப்ல ஒண்ணு அரை டெசிபல் சத்தமா இருந்தா, நம்ம மண்டை அதைச் 'சத்தம் ஜாஸ்தி'ன்னு சொல்லாது, 'உயிரோட்டம்'னு சொல்லும். மல்டிமீட்டரை வெச்சு ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டு வராம பண்ணின ஒப்பீடு எதுவா இருந்தாலும், அதை எழுதினவர் எத்தனை வருஷ அனுபவசாலியா இருந்தாலும், நான் அதை சினிமா கிசுகிசு ரேஞ்சுலதான் படிப்பேன். நீங்களும் படிங்க, தப்பில்லை. சித்தப்பா காசை மட்டும் அதை நம்பி இறக்காதீங்க.

இப்போ உங்க டிரங்க் பெட்டிக்கு வருவோம். நாகூர் ஹனிபா 1925-ல பிறந்து 2015-ல மறைஞ்சவர். அந்தக் குரலை உங்க ஊர்ப்பக்கம் முதல்ல கேட்டவங்க எதுல கேட்டாங்க? ஹை-எண்ட்லயா? தென்னை மரத்துல கட்டின குழாய்ல! தாத்தாகிட்ட கேட்டுப் பாருங்க, அநேகமா போனோ பிரியாம்ப்னு ஒண்ணையே அவர் வாங்கியிருக்க மாட்டார். மைக் செட்காரங்க வெச்சிருந்தது பெரும்பாலும் கிரிஸ்டல் கார்ட்ரிட்ஜ். அது மில்லிவோல்ட் கணக்குல பிச்சை போடாது. நூத்துக்கணக்கான மில்லிவோல்ட்டை அள்ளி விடும். ஊசி எவ்வளவு வேகமா ஆடுதுங்கிறதை விட்டுட்டு, எவ்வளவு தூரம் ஆடுதுங்கிறதை அளக்குற ரகம். அதனால அந்த ஆர்.ஐ.ஏ.ஏ. கணக்கையும் சுமாரா தானே போட்டுக்கும். நேரா அஹூஜா ஆம்ப்ளிபயர்ல சொருகினா ஊரே கேட்கும். ஆனா அதுக்கு ஒரு விலை உண்டு. கனமான ஊசி. அதைத் தேயத் தேய ஓட்டுறது. ஒரு கந்தூரிக்கு ஒரே பாட்டை எத்தனை தடவை போட்டிருப்பாங்க! மேல் ஸ்தாயி பாதி அங்கேயே உதிர்ந்திருக்கும். போதாக்குறைக்குக் கடற்கரை ஈரம், பூஞ்சை. திருமலைராயன்பட்டினம் மேல காளமேகப் புலவர் கோபத்துல மண்மாரி பெய்யட்டும்னு பாடினதா கதை சொல்வாங்களே, அந்த மண்ணுல பாதி உங்க பரண்ல, தட்டு மேலதான் இருக்கும்னு நினைக்கிறேன்.

இந்தத் தட்டுகளுக்கு 30 ஆயிரம் டாலர் பெட்டி என்ன பண்ணும்? கீறலை ரொம்பத் தெளிவா கேட்க வைக்கும். அவ்வளவுதான்.

அப்போ மலிவா ஏதோ ஒண்ணு போதுமான்னா, அதுவும் இல்லை. இங்கதான் நான் கொஞ்சம் சீரியஸ் ஆகறேன். நீங்க இதை வெறுமனே கேட்கப் போறதில்லை, கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறேன்னு எழுதியிருக்கீங்க. தேய்ஞ்ச தட்டு இன்னும் எத்தனை தடவை ஓடும்? கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில அச்சாகி வந்த ஒவ்வொரு இ.பி.க்கும் மாஸ்டர் டேப் எங்கேயோ ஏ.சி. ரூம்ல பத்திரமா தூங்குதுன்னு நம்புறீங்களா? நான் நம்பலை. சில பாட்டுக்கு நீங்க எடுக்குற காப்பிதான் கடைசிக் காப்பியா இருந்தாலும் இருக்கும். அந்தக் காப்பியில பிரியாம்ப் ஒரு டெசிபல் கோணலா இருந்துச்சுன்னா, இனிமே கேட்கப் போற எல்லாருக்கும் ஹனிபா குரல் ஒரு டெசிபல் கோணலாத்தான் கேட்கும். அதனால உங்களுக்கு வேண்டியது 'கதகதப்பு' இல்லை, நேர்மை. ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோட்டிலிருந்து விலகல் ப்ளஸ் ஆர் மைனஸ் 0.2, 0.3 டெசிபலுக்குள்ள இருக்கணும். இந்த நேர்மை ஹை-எண்ட்காரங்களோட தனிச்சொத்தும் இல்லை. ரீகா, புரோ-ஜெக்ட், ஷீட் மாதிரி கம்பெனிகளோட சின்னப் பெட்டிகள்லயே கிடைக்குது. இந்த விஷயத்துல வால்வு ராஜாக்களைவிட இந்தப் பொடியன்கள் ஒழுங்கு!

அடுத்தது மோனோ. ஹனிபாவோட பழைய இ.பி.க்கள் மோனோ. பாட்டு பள்ளத்தோட பக்கவாட்டு ஆட்டத்துல மட்டும்தான் இருக்கு. ஸ்டீரியோ ஊசி மேலும் கீழும் ஆடுறதையும் சேர்த்துப் படிக்கும். அங்கே பாட்டே கிடையாது, தூசியும் தேய்மானமும்தான். ரெண்டு சானலையும் ஒண்ணாச் சேர்த்தீங்கன்னா அந்தக் குப்பையில பெரும்பகுதி ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிட்டுக் காணாம போயிடும். சில விலையுயர்ந்த பெட்டிகள்ல இதுக்கு 'மோனோ' ஸ்விட்ச் இருக்கு, 'ஜே.சி. 3' உட்பட. இல்லாட்டியும் கவலை இல்லை. ஸ்டீரியோவாவே பதிஞ்சுக்கிட்டு அப்புறம் ஆடாசிட்டியில ரெண்டையும் சேர்த்துடுங்க. ஒரு பக்கச் சுவர் ரொம்பத் தேய்ஞ்சு இன்னொண்ணு தேவலைன்னா, நல்ல பக்கத்தை மட்டும் எடுத்துக்குற வசதி இதுல உண்டு. அந்த ஸ்விட்ச்சுல அது கிடையாது. இளையராஜா எல்.பி.க்கள்ல பிற்காலத்து ஸ்டீரியோ தட்டுகளை மட்டும் இப்படிச் சேர்த்துடாதீங்க, பாவம்.

78-கள் தனிக்கதை. ராஜரத்தினம் பிள்ளையோட தோடி கிடைச்சா விடுவீங்களா? ஆனா அந்தத் தட்டுகளோட காலத்துல ஆர்.ஐ.ஏ.ஏ.வே பிறக்கலை. பள்ளமும் அகலம், எல்.பி. ஊசி அடியில போய் உருளும், 78-க்குன்னு தடிமனான ஊசி தனியா வாங்கணும். ஜப்பானோட ஜாண்டென், அப்புறம் சி.எச். மாதிரி ஆளுங்க பல வளைகோடுகளைப் பெட்டிக்குள்ளேயே தர்றாங்க. ஐபையோட சின்ன 'ஐபோனோ'கூட டெக்கா, கொலம்பியான்னு ஸ்விட்ச் போட்டுத் தருது. அதெல்லாம் எல்.பி. கால வளைகோடுகள், 78-க்கு நேராப் பொருந்தாது. இந்த வேலைக்கு எந்தப் பெட்டியும் வேண்டாம்ங்கிறது என் கட்சி. சரியான வளைகோடு எதுங்கிறதே ஆராய்ச்சி. அதை மென்பொருள்ல பண்ணினா நாளைக்கு மாத்திக்கலாம். மும்பையில இருக்குற இந்திய ரெக்கார்டு சேகரிப்பாளர் சங்கத்துக்காரங்க 'ஓடியான்' லேபிள் 78-களை பிரிட்டிஷ் நூலகத்தோட அழியும் ஆவணங்கள் திட்டத்துல டிஜிட்டலாக்கி இருக்காங்க. ஒரு தடவை போய்க் கேளுங்க, உங்க பெட்டியில இருக்குறதோட மதிப்பு புரியும்.

சித்தப்பாவோட பட்ஜெட் எப்படியும் இருக்கு, அதை எப்படிச் செலவழிக்கலாம்? முதல் காசு ஊசிக்கு. கூர் மெல்லிசான நல்ல ஊசி, கிரிஸ்டல் ஊசி தேய்ச்ச இடத்தை விட்டுட்டு, பள்ளத்தோட கீழ்ச்சுவர்ல இன்னும் கன்னி கழியாத இடமாப் பார்த்து உட்காரும். பாதித் தட்டுக்கு இதுவே மறுபிறவி. அப்புறம் சுத்தம் பண்ண. டிஸ்டில்டு வாட்டர், அதுல ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற திரவம், மெத்துனு ஒரு துணி. லேபிள் நனையக் கூடாது. ஸ்பிரிட், ஆல்கஹால் எதையும் 78 பக்கம் கொண்டே போகாதீங்க. அது அரக்கு, கரைஞ்சு போயிடும். ராஜரத்தினம் பிள்ளையைத் துணியில துடைச்சு எடுக்க வேண்டி வரும்.

மூணாவதுதான் பிரியாம்ப். எம்.எம். கார்ட்ரிட்ஜோடவே இருங்க. ஊசி தேய்ஞ்சா கையாலேயே கழட்டி மாத்தலாம்; எம்.சி.ல பெரும்பாலும் மொத்த கார்ட்ரிட்ஜையும் அனுப்பணும். எம்.எம். போதும்னா பிரியாம்புக்கு 1,000 மடங்கு பெருக்குற வேலையும் இல்லை, அந்த நிசப்தத்துக்கு லட்சம் கொட்டுற வேலையும் இல்லை. கபாசிட்டன்ஸை மாத்துற வசதி இருக்குற நடுத்தரப் பெட்டி ஒண்ணு, தாராளம். மீதிக் காசுல 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ்ல பதியற ஒரு ஆடியோ இன்டர்பேஸும் ரெண்டு ஹார்டு டிஸ்கும் வாங்கச் சொல்லுங்க. வேலைக்குப் போய், சொந்தக் காசுல புதுத் தட்டுகளா வாங்கி, எம்.சி. போடுற காலம் வந்தா அப்போ ஜான் கர்ல் பக்கம் போங்க. அந்த ஆசை தப்பே இல்லை. எனக்கும் அந்த 16 பேட்டரி மேல ஒரு கண்ணு உண்டு.

பிரான்ஸ்லேர்ந்து வர்றதுல ஒரு சௌகரியம், அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலேர்ந்து வந்தா பெரும்பாலும் 120 வோல்ட்; டிரான்ஸ்பார்மர் இல்லாம சொருகினா புகைதான். ஆனா பிரெஞ்சு பிளக்குல ஒரு பொடி வெச்சிருக்கான். அதோட எர்த் முள் பிளக்குல இல்லை, அவங்க ஊர் சாக்கெட்டுல இருக்கு. நம்ம சாக்கெட்டுல அது ரெண்டு காலோட உள்ளே போய் உட்காரும், ஓடவும் ஓடும், ஆனா எர்த் சேராது. ஹம் வரும், சமயத்துல கை வெச்சா சுர்ருனும் இருக்கும். வயரைக் கழட்டி மாத்துற மாடலா இருந்தா நம்ம ஊர் மூணு முள் வயரா வாங்கிப் போட்டுடுங்க. டர்ன்டேபிள்லேர்ந்து தனியா ஒரு மெல்லிசு வயர் தொங்கினா அது பிரியாம்ப் பின்னாடி இருக்குற எர்த் திருகாணிக்குப் போகணும். அதை மறந்துட்டு "பிரியாம்ப் சரியில்லை"ன்னு திருப்பி அனுப்பினவங்க உலகத்துல நிறைய. போலகத்துல பிப்டிக் தொழிற்பேட்டை வேற பக்கத்துலயே இருக்கு. லைன்ல மோட்டார் இரைச்சல் இருக்குற மாதிரி தெரிஞ்சா பகல்ல விட்டுட்டு ராத்திரி பதிஞ்சு பாருங்க.

பதியும்போது லேபிளை ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கங்க. பாட்டு முடிஞ்சு லேபிளுக்கு முன்னாடி வர்ற வெறும் இடத்துல ஒரு நம்பர் கீறியிருக்கும், டார்ச் அடிச்சா தெரியும். பைல் பேர்ல அதையும் சேருங்க. தாத்தாவைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கங்க. எந்தத் தட்டை எந்த ஊர்க் கல்யாணத்துல போட்டார், எதைக் கேட்டு யாரு சண்டைக்கு வந்தாங்க, கந்தூரிக்கு முதல் பாட்டு எது, இதெல்லாம் எந்த லேபிள்லயும் அச்சடிச்சு வராது. அவர் சொல்லச் சொல்ல அதே இன்டர்பேஸ்ல ஒரு மைக்கைச் சொருகிப் பதிஞ்சுடுங்க.